மூன்றாம் நம்பர்

சகலையின் மாடி அறையில் சாயங்கால வெயில் குட்டித் தண்டவாளத்தின் மேல் வழுக்கிக்கொண்டு கிடக்கிறது. அவருடைய பொம்மை எஞ்சின் கூவுவதைக் கேட்டுக் கேட்டு வயிறெரிந்த பெரிய மாப்பிள்ளை, தன் எஞ்சினுக்குள் இருந்து, அதன் நம்பருக்கு வரும் கட்டளையை மட்டும் வாங்கி அதை ஓடவும் கூவவும் வைக்கும் பழைய டீகோடரைக் கழற்றியெறிந்துவிட்டு, கடையில் இருந்த ஏழு டீகோடர்களையும் காதோடு வைத்துக் கேட்டு, இருப்பதிலேயே உரக்கக் கூவுவதை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டு மீசையைத் தடவுகிறார். சகலை தன் எஞ்சினை ஓட்டக் குமிழைத் திருகுகிறார். இரண்டு எஞ்சினும் சேர்ந்தே கிளம்புகின்றன. “புதுசு எல்லாமே மூணாம் நம்பர்லதாண்ணே வரும். நீங்க நம்பர மாத்தலையா? என்னோடதும் மூணுதான்” என்கிறார் சகலை, சிரிப்பை அடக்கிக்கொண்டு. பெரிய மாப்பிள்ளையின் எஞ்சின் சகலையின் ஒற்றை விரலுக்கு நிற்கிறது, நகர்கிறது, அவருடையதைவிட உரக்கவே கூவுகிறது.