பின் சீட்டுக்காரர்கள்

மறையூர் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் பூபதிராஜா உள்கண்ணாடியைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டான். இனி அதில் பின்னால் வரும் வண்டிகள் மட்டும்தான் தெரியும், பின் சீட்டில் இருப்பவர்கள் முகம் தெரியாது. நல்ல டிரைவருக்கு அதுதான் அழகு.

பின் சீட்டில் இருந்தது நர்மதாவும் அவள் மகள் ஜீவிதாவும். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. விடியற்காலையில் கொழிஞ்சாம்பாறையில் வண்டி ஏறியதிலிருந்து அம்மா காதிலேயே குசுகுசுத்துக்கொண்டு வந்தாள். பூபதிராஜாவிடம் ஒரு வார்த்தை கிடையாது. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவன் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

இவனே பேசினால் வாய் முத்தா உதிர்ந்துவிடும் என்று கேட்பீர்கள். குவைத்தில் ஒரு பெரிய வீட்டில் வண்டி ஓட்டிப் பழகியவன் ஐயா அவன். அந்த வீட்டுக் குழந்தையிடம் ஒரு நாள் வாய்விட்டுச் சிரித்துப் பேசிவிட்டான். அவ்வளவுதான், வீட்டுக்கார அம்மாள் அவன் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தாள். கண்ணாடியில் பார்க்காதே, கேட்டாலொழியப் பேசாதே, குடும்பம் சாப்பிடும் இடத்தில் நிற்காதே என்று சட்டம் போட்டுத்தான் விட்டாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். ஸ்டியரிங் பழக்கம் மட்டும் லேசில் விட்டுவிடுமா?

மூணாறு தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினான். அவர்கள் காலை அசைப்பதற்குள் சுற்றிவந்து பின்கதவைத் திறந்து பிடித்தான். நீங்களும் வாங்க, ஒரு வாய் சூடாகக் குடிக்கலாம் என்று நர்மதா கூப்பிட்டாள். நீங்க குடிங்க, நான் வண்டிகிட்ட நிக்கிறேன் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டான். அவள் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை.

கடைக்கார அம்மாள் ராமலட்சுமிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த பேச்சு.

“நீயும் பிள்ளையுந்தானா வந்திருக்கிய? வீட்டுக்காரரு வரலயா தாயி?”

நர்மதா வண்டி நின்ற பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“வருவாருங்க. பாக்கலாம்.”

அது பூபதிராஜா காதிலும் விழுந்தது. துடைத்த கண்ணாடியையே எடுத்து மறுபடி துடைத்தான்.

டாப் ஸ்டேஷனில் நல்ல கூட்டம். தாயையும் மகளையும் பள்ளத்தாக்கு தெரிகிற மாதிரி நிறுத்தி அவன்தான் போட்டோ எடுத்தான். பக்கத்தில் யாரோ ஒருவர் தன் பிள்ளையைத் தோளில் ஏற்றி வைத்துக்கொண்டு மேகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். ஜீவிதா வாயைத் திறந்தபடி அந்தப் பிள்ளையையே பார்த்தாள். தன் தோள் சும்மாதானே கிடக்கிறது என்று பூபதிராஜாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போனை நர்மதா கையில் கொடுத்துவிட்டு, வேகமாகப் போய் வண்டியைக் கிளப்பினான்.

வட்டவடை போய்ச் சேரும்போது வெயில் இறங்கிவிட்டது. காரட் தோட்டத்தைப் பனி மூடத் தொடங்கியிருந்தது. தோட்டத்துக்கு நடுவில் இருந்த சின்ன விடுதியில் அறை சொல்லி வைத்திருந்தார்கள். நர்மதா பையைத் தூக்கிக்கொண்டு சாவி வாங்க உள்ளே போனாள்.

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் சிஜு, வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த பூபதிராஜாவிடம் வந்தான்.

“டிரைவர்மாருக்குப் பின்னாடி ஷெட்டுல கட்டில் உண்டு சேட்டா. சோறும் அங்கயே வரும்.”

பூபதிராஜா யோசிக்கவே இல்லை. தலை அதுபாட்டுக்கு ஆடியது. செரிங்க என்று வாயும் சொல்லிவிட்டது.

திரும்பிப் பார்த்தால், படியில் ஜீவிதா நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே ஓடிப்போனாள்.

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. பின்னாலேயே போயிருக்கலாம். ஆனால் கால் நகர வேண்டுமே! ஷெட்டுக்கும் போகவில்லை, விடுதிக்கும் போகவில்லை. வண்டிக்குள் ஏறித் தன் சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டான்.

அறையில் விளக்கைப் போட்டார்கள். அம்மாவும் பெண்ணும் ஏதோ பேசுவது கேட்டது, என்னவென்று புரியவில்லை. நாளைக்கு ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டால் அப்புறம் இறக்கம்தான். அதற்குமேல் அந்தப் பிள்ளை எங்கோ, அவன் எங்கோ. இத்தனை பெரிய மலையில் தன்னைப்போல் நாதியற்றவன் ஒருத்தன் இருப்பானா என்று நினைத்துக்கொண்டான்.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். ஜீவிதா! அம்மாவின் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தனியாக வந்திருந்தாள்.

பூபதிராஜா பதறிப்போய் இறங்கினான். என்ன வேண்டும் என்று கேட்கத்தான் நினைத்தான். அதற்குள் கை முந்திக்கொண்டு பின்கதவைத் திறந்து பிடித்தது.

பிள்ளை ஏறவில்லை. இரண்டு கையாலும் தள்ளி அந்தக் கதவைச் சாத்தினாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு முதல்முறையாக அவனிடம் பேசினாள்.

“அப்பா, நீங்க போன்லயே இருந்திருக்கலாமுங்க. அதுலன்னா எங்கூடப் பேசுவீங்க.”