டிக்கி நிறைய ஒரு பெட்டி

"ஸ்பீக்கருக்குப் பெட்டி இவ்ளோ பெருசா வேணாம் பாய். சத்தமே கெட்டுப்பூடும்" என்றார் ரேடியோ மெக்கானிக் ராஜாராம்.

"பெருசாத்தான் வேணும். டிக்கி ரொம்பணும்" என்றார் சாந்த் பாஷா.

செஞ்சி டாக்சி ஸ்டாண்டில் அவருக்கு ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது. அதற்குத்தான் இந்த அலங்காரம்.

ராஜாராம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஸ்பீக்கரு, ஆம்ப்ளிபயரு, பெட்டி, மூணும் ஒரு குடும்பம் பாய். ஒத்துப்போவணும். ஆம்ப்ளிபயர் சின்னதா இருந்தா ஸ்பீக்கர் முனகும். பெருசா இருந்தா உள்ள கம்பி எரிஞ்சிடும். பெட்டியில காத்து அதிகமா நின்னா ஸ்பீக்கர் அடங்காம ஆடிக் கிழிஞ்சிடும். எட்டு இஞ்ச் ஸ்பீக்கருக்கு அரிசி டின் அளவு போதும். நீ பீரோ இல்ல கேக்கற!"

"அப்ப உள்ள ஒரு தடுப்பு போடு. ஸ்பீக்கருக்கு வேணுங்கற இடத்தை விட்டுட்டு மீதியை மூடிடு."

"மூடிட்டா மீதி இடம் எதுக்கு?"

"சும்மா கெடக்கட்டுமே, உனக்கு இன்னா?"

சாப்பாட்டுத் தூக்கோடு கடை வாசலில் நின்ற சாஜிதாவின் காதில் இதெல்லாம் விழுந்தது. ரேடியோவில் பாட்டு வந்தாலே எழுந்து போகிற மனுஷன் அவள் புருஷன். அவருக்கு எதற்குப் பாட்டுப் பெட்டி? அதிலும் மூடி மறைத்த இடம் எதற்கு? சனிக்கிழமை தவறாமல் பாண்டிச்சேரி சவாரி வேறு போகிறார். பாண்டிச்சேரியில் எது மலிவு, அதை எப்படியெல்லாம் ஒளித்து எடுத்து வருவார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

ராத்திரி சோறு போடும்போது கேட்டே விட்டாள்.

"ஏங்க, அந்த மீதி இடத்துல இன்னா வெக்கப் போறீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"போலீஸ் புடிச்சா வண்டியை எடுத்துக்குவாங்க. அது ஒண்ணை வெச்சுத்தான் இந்த வீட்ல அடுப்பு எரியுது. நெனப்பு இருக்குதா?"

"அதைத்தான் நானும் நெனச்சேன். குழம்பு ஊத்து."

பெட்டி வந்தது. டிக்கிக்குள் கை நுழைய இடம் இல்லை. பாட்டைப் போட்டதும் தெருவே அதிர்ந்தது.

எதிர்வீட்டு மீனம்பாள் ஓடிவந்தாள். "இன்னாடி சாஜிதா, உன் வூட்டுக்காரரு டிக்கியில யாரையாவது அடைச்சு வெச்சிருக்காரா? உள்ளயிருந்து குத்தறாங்களே!"

சிங்கவரம் கோயிலுக்குப் போன கல்யாணக்காரர்கள் சீர்வரிசைத் தட்டையெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு, வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். சாந்த் பாஷா கண்டுகொள்ளவே இல்லை.

சனிக்கிழமை காலையில் கலியபெருமாள் வந்தார். ஊரில் பெரிய மனுஷர். மேடை ஏறினால் குடியின் கேட்டைப் பற்றிப் பேசிப் பெண்களை அழ வைத்துவிடுவார். சர்க்கரை வியாதிக்கு டாக்டரைப் பார்க்க வாராவாரம் பாண்டிச்சேரி போகிறவர். சாஜிதாவுக்குத் தலைப்பிரசவத்தில் உயிர் இழுத்துக்கொண்டிருந்தபோது, யார் எவர் என்று பார்க்காமல் கையை நீட்டி ரத்தம் கொடுத்தவரும் அவர்தான்.

பையை வைக்க டிக்கியைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"இன்னாப்பா பாஷா இது?"

"பாட்டுப் பெட்டிங்க ஐயா."

"திரும்பி வர்றப்ப என் மருந்து அட்டைப்பெட்டியை எங்க வெக்கிறது?"

"சீட்டுல, உங்க பக்கத்துலயே வெச்சுக்கலாங்க ஐயா. பத்திரமா இருக்கும்."

"இதைக் கழட்ட முடியாதா?"

"ராஜாராம் வண்டித் தகட்டோட சேத்து போல்ட்டு முடுக்கிட்டாருங்க."

கலியபெருமாள் பெட்டியைப் பார்த்தார். பாஷாவைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டார்.

"சரி, நான் ஸ்டாண்டுல நிக்கிற ஆதிமூலம் டாக்சியில போய்க்கறேன்."

அவர் தலை மறைந்ததும் சாஜிதா பொரிந்து தள்ளினாள். "போச்சு! வாரம் தவறாத சவாரி போச்சு. உசுரு குடுத்த மனுஷன் மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுப் போறாரு. இப்ப சந்தோஷமா?"

"சந்தோஷம்தான்" என்று சிரித்தார் சாந்த் பாஷா. "அது இன்னா மருந்துன்னு போன வாரம்தான் எனக்கே தெரிஞ்சுது. செக்போஸ்ட்டு மேட்டுல வண்டி ஏறி இறங்கறப்ப உள்ள கிலுங்குச்சு பாரு, எனக்கு உசுரே இல்ல. அவரு டீ குடிக்க எறங்கினப்ப பிரிச்சுப் பாத்தா அம்புட்டும் பிராந்தி பாட்டிலு. மாட்டியிருந்தா அவரு பெரிய மனுஷன், நான் கடத்தல்காரன். வண்டி போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல துருப்புடிச்சு நிக்கும்."

சாஜிதா வாயைப் பொத்திக்கொண்டாள். "அதை நேராச் சொல்லி, முடியாதுன்னுட வேண்டியதுதானே?"

"எப்படி சாஜி சொல்றது? உன் உடம்புல ஓடறதே அவரு ரத்தம். அதான் பெட்டி அடிச்சேன். அவரு மானமும் தப்பிச்சுது, நம்ம வண்டியும் தப்பிச்சுது."

சாஜிதா டிக்கி மூடியை ஒரு தட்டுத் தட்டி, "அந்தப் பாட்டைத்தான் கொஞ்சம் சத்தமா வைங்களேன்" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் ராஜாராம் வீடு தேடி வந்தார்.

"பாய், இந்த ஊருக்கு இன்னாவோ ஆயிடுச்சு. ஆதிமூலம் விடியறதுக்குள்ள வண்டியைக் கொண்டாந்து கடை வாசல்ல நிறுத்திட்டு, உன் வண்டி மாதிரியே டிக்கி ரொம்ப ஒரு பெட்டி வேணுங்கறான். ஸ்பீக்கர் எத்தனை இஞ்சு, ஆம்ப்ளிபயர் எத்தனை வாட்ஸுன்னு கேட்டேன். 'அதெல்லாம் மெதுவா வாங்கிக்கலாம்ணே, சனிக்கிழமைக்குள்ள பெட்டியை மட்டும் அடிச்சுக் குடு'ங்கறான்!"