சீதன வயல்

சீதனம் இல்லாமல் எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணையும் கட்டிக்கொடுத்ததில்லை. மகளுக்குரிய வயலைக் காட்ட, மாப்பிள்ளையின் வாப்பா உதுமாலெவ்வையை அழைத்துப் போனேன். வயல் இல்லையென்றால் கலியாணமும் இல்லை.

வரம்பில் நின்ற சுமணதாச தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் குனிந்தான். “வாங்க முதலாளி.”

“இது ஆரு மச்சான்?” என்று உதுமாலெவ்வை என்னைக் கேட்டார்.

“நம்மட வயலக் குத்தகைக்குச் செய்யிறவன்.”

அவர் பயிரைப் பார்க்கவில்லை, சுமணதாசவையே பார்த்தார். திரும்பும் வழியில் மெல்லக் கேட்டார்.

“அரசாங்கம் உங்கட வயலப் புடிச்சு இந்தச் சிங்களவனக் குடியேத்தி எத்தின வருசம்?”

நான் வரம்பிலேயே நின்றுவிட்டேன். அவர் என் தோளைத் தட்டினார்.

“பயப்படாதீங்க, கலியாணம் நடக்கும். அடுத்த வயல் எங்கட. அதையும் புடிச்சு இவனுக்குத்தான் குடுத்தாங்க. என்ட மகள்ட கலியாணத்துக்கு, குத்தகைக்காரனா நில்லு எண்டு நானும் இவனிட்டத்தான் கெஞ்சினன்.”