எண்பதைத் தொட்டால் ஆட்டம்

“திருடன். அந்த டயர் கடைக்காரன் பக்காத் திருடன்” என்றார் மாமனார்.

கார் எண்பதைத் தொட்டதும் ஆட ஆரம்பித்திருந்தது. குளிர்ஜுரம் வந்த மாதிரி ஸ்டீயரிங் நடுங்கியது. மாமனார் எழுபதுக்கு இறங்கினார். ஆட்டம் நின்றது. செங்கல் ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துவிட்டு அவர்களை முந்திக்கொண்டு போனது.

பக்கத்து சீட்டில் இருந்த மாப்பிள்ளைக்கு மானம் போனது. அடுத்தவர் எழுதும் புரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவருக்கு ஆபீஸில் வேலை. லீவு நாளிலும் அந்தப் புத்தி சும்மா இருக்காது.

“பிரேக் போடும்போது ஆடுதா மாமா?”

“இல்ல.”

“அப்ப டிஸ்க் இல்ல. இன்னொரு தடவை எண்பதுக்குப் போய் நியூட்ரல் போடுங்க.”

போட்டார். அப்போதும் ஆடியது.

“எஞ்சினும் இல்ல. சீட்டு ஆடல, ஸ்டீயரிங் மட்டும் ஆடுது. அப்ப முன்சக்கரம்தான். பேலன்சிங் போயிருக்கு.”

“போன மாசம்தானே பண்ணினேன். அதுக்கு முந்தின மாசமும் பண்ணினேன்.”

“அப்ப அவன் உங்கள ஏமாத்துறான்.”

“அதைத்தானே நானும் சொல்றேன்” என்றார் மாமனார் திருப்தியாக.

பின் சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மாமியார் ரோட்டோர மரங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் மாப்பிள்ளையே காரை டயர் கடைக்கு ஓட்டிப் போனார். சண்டைக்கு வேண்டிய வசனங்களை வழியிலேயே தயார் செய்துகொண்டார்.

கடைக்காரர் எல்லா வசனத்தையும் பொறுமையாகக் கேட்டார். சக்கரத்தைக் கழற்றி மெஷினில் மாட்டிச் சுற்றிவிட்டார்.

“சார், சக்கரம் ஒரு பக்கம் கனமா இருந்தா வேகத்துல துள்ளும். அதைச் சரிக்கட்டத்தான் ரிம்முக்கு உள்ள ஈயத் துண்டு ஒட்டுறோம். நான் ஒட்டின துண்டைக் காணோம்.”

“விழுந்திருக்கும். நீங்க ஒட்டின லட்சணம் அப்படி.”

“விழல சார். யாரோ நெம்பி எடுத்திருக்காங்க. கீறலைப் பாருங்க.”

“யார் எடுப்பா? ஈயம் திங்கிற எலியா?”

“அது உங்க வீட்டு எலி சார். நீங்கதான் பிடிக்கணும்” என்று சொல்லிவிட்டுப் புதுத் துண்டை ஒட்டினார்.

அடுத்த நாள் காலை, பல் விளக்கிக்கொண்டே வாசலுக்கு வந்த மாப்பிள்ளைக்கு நுரை தொண்டைக்குள் போய்விட்டது.

கார் முன்சக்கரத்தின் பக்கத்தில் மாமியார். கையில் ஸ்க்ரூடிரைவர்.

“அத்தை, என்ன பண்றீங்க?”

மாமியார் பதறவில்லை. ‘டப்’பென்று துண்டு கழன்று வந்தது.

“பாத்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. இதையெல்லாம் எங்க கொண்டுபோய்ப் போடுறதுன்னே தெரியல. பூந்தொட்டியெல்லாம் ரொம்பிப் போச்சு.”

“இதை எடுக்கணும்னு உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா?”

“ஒரு நாள் டயர் கடையில வேலை முடியட்டும்னு உக்காந்திருந்தேன். கண்ணு சும்மா இருக்குமா?”

“சரி, எதுக்கு?”

“உங்க மாமா நூறுல போனா எனக்கு உயிரே போயிடும் மாப்பிள்ளை. ‘மெதுவாப் போங்க’ன்னா, ‘வண்டி ஓட்டுறது நானா நீயா’ம்பார். நான் சொன்னா கேக்க மாட்டார். வண்டி சொன்னா கேக்குறார்.”

“இது பச்சையா ஏமாத்து வேலை அத்தை.”

“ஆமா” என்று ஒப்புக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரைத் துணியில் துடைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மாப்பிள்ளைக்கு மாமனார் மேல் இரக்கம் பொங்கியது. பாவம், கட்டினவளே காலை வாரிவிடுவது தெரியாமல், ஒரு அப்பாவியைத் திருடன் என்று திட்டிக்கொண்டிருக்கிறார். பெட்ரோல் போட்டு வருகிறேன் என்று பொய் சொல்லிக் காரை எடுத்துப் போய், நேர்மையாக ஒரு புதுத் துண்டை ஒட்டிக்கொண்டு வந்தார்.

மத்தியானம் மகளையும் மாப்பிள்ளையையும் அவர்கள் வீட்டில் விட்டுவரக் கிளம்பினார்கள்.

எழுபது. எண்பது. ஸ்டீயரிங் அசையவில்லை. மாமனாரின் புருவம் உயர்ந்தது. தொண்ணூறு. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கார் வழுக்கிக்கொண்டு போனது. ரிப்பேர் பார்த்ததே தன் கைதான் என்கிற மாதிரி மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மாமனார் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தார். மாமியார் கண்களை இறுக மூடிக்கொண்டு, ஜன்னல் மேலிருந்த கைப்பிடியில் தொங்காத குறையாக உட்கார்ந்திருந்தார்.

மாமனாரின் கைகள் ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக ஆட்டின. கார் நடுங்கியது.

“மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு பாருங்க. திருட்டுப் பய” என்று சொல்லி எழுபதுக்கு இறங்கினார்.

மாமியார் கண்ணைத் திறந்தார். “வேற கடை பாருங்கன்னு நான் அப்பவே சொன்னேன்” என்றார், துளி வெட்கம் இல்லாமல்.

மாப்பிள்ளை அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வழியில் டீ குடிக்க நிறுத்தினார்கள். பெண்கள் இருவரும் முன்னால் போனதும் மாமனார் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டார்.

“துண்டை ஒட்டிட்டு வந்தது நீங்கதானே?”

“மாமா… உங்களுக்கு எல்லாம் தெரியுமா?”

“பொண்டாட்டி சொல்லி மெதுவாப் போறேன்னா என் கௌரவம் என்ன ஆகுறது?”

“அப்ப அந்தக் கடைக்காரர்?”

“அவருக்கும் தெரியும். திட்டு வாங்குறதுக்கும் சேத்துத்தான் கூலி குடுக்குறேன்.”

மாமியார் போன பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“அவ டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள அந்தத் துண்டை நீங்களே எடுத்துடுங்க மாப்பிள்ளை. முட்டி வலியோட பாவம், அவளால இப்பல்லாம் குனிய முடியறதில்ல.”