நான்கு நாளுக்கு ஒரு சிலிண்டர்

வீடு வீடாகச் சிலிண்டர் கொண்டுபோகும் வண்டிக்காரன் எழிலரசன், எங்கள் வீட்டு ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து என் மேசைக்கு எதிரே நிறுத்தினான்.

பப்பாவை அடக்கம் செய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அன்றுதான் நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். சிலிண்டர் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. பார்க்கச் சகிக்காமல் நான்தான் எடுத்துவரச் சொன்னேன்.

மூலக்குளம் கிடங்கில் என் வேலை இதுதான். வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு எந்த நாளில், எந்த வரிசையில் சிலிண்டர் போய்ச் சேர வேண்டும் என்று திட்டம் போடுவது. இரண்டு வண்டி, தொண்ணூறு வீடு.

எந்தத் தெருவில் எப்போது நுழைய முடியும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நடக்கும்போது காந்தி வீதிக்குள் வண்டியை விடுவதற்குப் பேசாமல் கடலில் விட்டுவிடலாம்.

ஜனங்கள் சொல்வதை மட்டும் நான் நம்புவதில்லை. பாதி இருக்கும்போதே தீர்ந்துபோச்சு என்று போனில் அலறுவார்கள். பாவம், பயம்.

அதனால் திரும்பி வரும் சிலிண்டரில் மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். மிச்சம் இருந்தால் அந்த வீட்டுக்கு அடுத்த முறை ஒரு நாள் தள்ளிப் போடுவேன். அப்படி மிச்சமாவது இன்னொரு வீட்டுக்குப் போகும்.

எங்கள் கிடங்கில் ஓர் ஒழுங்கு உண்டு. வரிசை போடுகிறவர் தன் வீட்டைக் கடைசியில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். பிரிஸ்கில்லா தன் அப்பனுக்கு முதலில் அனுப்புகிறாள் என்று யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாது. எங்கள் நெல்லித்தோப்பு வீடு எப்போதும் கடைசி.

பப்பா பஞ்சாலையில் முப்பது வருஷம் நின்றவர். வேலையை விட்டு வந்த பிறகு நுரையீரல் மக்கர் செய்தது. இரவும் பகலும் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அப்படி வைத்தால் பெரிய சிலிண்டர்கூட இரண்டரை நாள் வராது. இரண்டு நாளுக்கு ஒன்று என்று போட்டிருந்தேன்.

ஆனால் எங்கள் வீட்டுச் சிலிண்டர் எப்போதும் மிச்சத்தோடுதான் திரும்பி வந்தது.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டு மணிக்குத்தான் நான் வீட்டுக்கு வருவேன். போகும்போதும் பார்ப்பேன், வரும்போதும் பார்ப்பேன். குழாயில் வரும் அளவு இரண்டு லிட்டரில்தான் நிற்கும்.

அப்படியானால் பகலில் குழாயைக் கழற்றிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார், அந்த அளவுக்கு நெஞ்சு தேறிவிட்டது என்று நினைத்தேன். கேட்டதற்கு, இப்போதெல்லாம் மூச்சு வாங்குவதே இல்லை என்றார். முள்ளும் அதையே சொன்னது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மூன்று நாளுக்கு ஒன்று என்று மாற்றினேன்.

அதிலும் மிச்சம் வந்தது. நான்காக்கினேன்.

மிச்சமானதைக் கருவடிக்குப்பத்தில் அஞ்சலாட்சி என்ற அம்மாளுக்குத் திருப்பிவிட்டேன். சாப்பிடும்போது அதைச் சொன்னதும் பப்பா 'த்ரே பியேன்', ரொம்ப நல்லது, என்று என் தலையைத் தொட்டார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சே அவ்வளவுதான்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம், பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தபோது நாற்காலியிலேயே முடிந்திருந்தார். வயசு என்றார்கள். நானும் வயசு என்றுதான் நினைத்தேன்.

இப்போது எழிலரசன் போகாமல் அங்கேயே நின்றான். சிலிண்டரில் முள் பாதியைக் காட்டியது. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

“அக்கா, பகல்ல பப்பா அரை லிட்டர்லதான் வெச்சிருப்பாரு, நீங்க வர்ற நேரத்துக்கு ரெண்டுக்குத் திருப்பிடுவாரு. எம்பொண்ணு தெனம் சிலிண்டர் ஒண்ணு கொறையுது, ஒண்ணு கொறையுதுன்னு சோறு எறங்காம கெடக்குறா, அவகிட்ட சொல்லிடாதடான்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு.”

அவனை அறைந்திருப்பேன். கை எழவில்லை.

சொன்னது நான்தான். தினமும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, இன்றைக்கும் ஒரு வீட்டுக்கு இல்லையென்று சொல்லிவிட்டேன் பப்பா என்று புலம்பியது நான்தான். அந்த ஒன்றை அவர் தன் மூச்சிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அவர் மிச்சம் பிடித்தார். நான் நாளைக் கூட்டினேன். நான் கூட்டியதற்காக அவர் இன்னும் குறைத்தார். அந்த வெறும் வீட்டில், பகல் முழுக்க, வாயைத் திறந்து காற்றைத் தேடிக்கொண்டு, மணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்திருக்கிறார்.

எழிலரசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். வண்டி கிளம்ப வேண்டும். கதிர்காமத்தில் ஏழு வீடு காத்திருந்தது.

நான் அடுத்த மாதத் திட்டத்தை எடுத்தேன். எங்கள் வீட்டை அதிலிருந்து அடித்துவிட வேண்டும். பேனாவை வைத்தபோதுதான் பார்த்தேன். நெல்லித்தோப்பு, தனிஸ்லாஸ் என்ற பப்பாவின் பெயருக்கு நேராக, நான்கை அடித்துவிட்டு ஐந்து என்று நானே எழுதியிருந்தேன்.

அவர் போவதற்கு முந்தின நாள் எழுதியது. அன்று இரவே அவரிடம் சொல்லியும்விட்டேன்.

“அஞ்சு நாளா? தாராளமா வரும்மா” என்றார். சொல்லிவிட்டு என் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார்.