எல்லாமே புதுசு

"ஒரு ஜாம் பாட்டில்கூடக் கண்ணுல படக்கூடாதும்மா. அவங்க பெரிய இடம்."

சொல்லிக்கொண்டே மகள் சமையலறை அலமாரியைக் காலி செய்தாள். சர்க்கரை இருந்த ஜாம் பாட்டில், உப்பு இருந்த காபி பாட்டில், ஊசி நூல் இருந்த பிஸ்கட் டின் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போயின. கிழிந்த குடையின் துணியில் தைத்த கடைப்பை, அப்பாவின் பழைய பேன்ட்டில் பிறந்த மெத்தை உறை, முன்னொரு காலத்தில் போர்வையாக இருந்த ஜன்னல் திரை, தூசி தட்ட வைத்திருந்த ஒற்றைச் சாக்ஸ், ஒன்றும் தப்பவில்லை.

"திருட்டுச் சாமானா என்ன, இப்படி ஒளிச்சு வைக்கிற?" என்றார் அப்பா. பஸ் ஓட்டுகிறவர். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று இன்று லீவு போட்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியாதுப்பா. அவங்களுக்கு ரெண்டு துணிக்கடை இருக்கு. வந்து பார்த்துட்டு, சரியான கஞ்சப் பிசினாறிக் குடும்பம்னு நினைச்சுட்டா?"

"அப்போ உங்கம்மாவையும் கட்டிலுக்கு அடியில தள்ளு. இத்தனை வருஷமா என்னையே தூக்கிப் போடாம வெச்சிருக்கா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வலிக்கவும் செய்தது. ஒற்றைச் சம்பளத்தில், கடன் என்று ஒருவர் வாசலில் போய் நிற்காமல், இந்தப் பெண்ணை இன்ஜினியர் ஆக்கியதில் அந்தப் பாட்டில்களுக்கும் ஊசி நூலுக்கும் பங்கு உண்டு. அதை நினைக்கும்போதெல்லாம் அம்மாவுக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஆனால் இது பெண்ணின் கல்யாணம். கூட வேலை பார்க்கும் பையன், தங்கமான பையன். அப்பா இல்லாத பிள்ளை. அவனுடைய அம்மா, வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம். அதனால் அம்மா வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள்.

கடைக்காரம்மா லேசில் சிரிக்கிற ஆளாகத் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர், திரையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். டீயைக் குடித்துவிட்டுக் கப்பைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தார். கடை ஸ்டிக்கர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"திரை புதுசா?"

"நேத்து வாங்கினது ஆன்ட்டி," மகள் முந்திக்கொண்டாள்.

"கப்பு?"

"அதுவும்தான்."

"மெத்தை உறை?"

"எல்லாமே புதுசு ஆன்ட்டி. எங்க வீட்டுல பழசு எதையும் வெச்சுக்க மாட்டோம்."

அப்பாவுக்குப் புரையேறியது.

"ம்," என்றார் கடைக்காரம்மா. முகம் இன்னும் கொஞ்சம் சுருங்கியது. பையன் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

இவ்வளவு செய்தும் இந்தம்மாவுக்குப் போதவில்லையா என்று அம்மாவுக்குச் சுருக்கென்றது.

கிளம்ப எழுந்த கடைக்காரம்மா, பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். வெள்ளிப் பூப்போட்ட நீலப் பேப்பர் சுற்றியிருந்தது.

"பிரிச்சுப் பாருங்க."

அம்மாவின் கட்டைவிரல் நகம் தானாகவே டேப்பின் ஓரத்தைத் தேடிப் போனது.

"அம்மா," மகள் காதோரமாகக் கிசுகிசுத்தாள். "சும்மா கிழிச்சுப் போடும்மா. பார்க்கறாங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கண்ணை எடுக்காமல், அம்மாவின் விரல்களையே.

அம்மாவின் கை நின்றது. கிழிப்பது ஒரு நொடி வேலை. காலையிலிருந்து எல்லாவற்றையும் ஒளித்தாயிற்று, இந்தக் கையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? எதற்காக ஒளிப்பது? இந்த வீட்டைத் தலைநிமிர வைத்த கை. இதைப் பார்த்து முகம் சுளிக்கிற வீட்டில் என் பெண் போய் எப்படி நிம்மதியாக இருப்பாள்?

"எனக்குக் கிழிக்க வராதுங்க," என்றாள் அம்மா. "நல்ல பேப்பர், எடுத்து வெச்சுக்குவேன். இந்தத் திரை, கப்பு எல்லாம் உங்களுக்காக வாங்கினது. நாங்க புழங்கற சாமான் கட்டிலுக்கு அடியில இருக்கு. பழைய போர்வையில தெச்ச திரை, ஜாம் பாட்டில்ல சர்க்கரை. எல்லாம் நான் பண்ணினது. அதுலதான் இவ வளர்ந்தா."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா மட்டும், பரிசு வாங்கிய பிள்ளையின் தகப்பன் மாதிரி நிமிர்ந்து நின்றார்.

அம்மா நிதானமாக டேப்பைத் தூக்கினாள். அதற்கு அடியில், எப்போதோ வேறொரு டேப்பை எடுத்த தழும்பு. பக்கத்தில் இன்னொன்று. பேப்பரில், இந்தப் பெட்டிக்குச் சம்பந்தமே இல்லாத மடிப்புக் கோடுகள் வேறு.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

வந்ததிலிருந்து இறுகிக் கிடந்த முகத்தில் இப்போது முழுக்கச் சிரிப்பு. கடைக்காரம்மா நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார்.

"எல்லாமே புதுசு, பழசு எதையும் வெச்சுக்க மாட்டோம்னு உங்க பொண்ணு சொன்னதும் எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுடுச்சு. இந்த வீட்டுப் பொண்ணு நமக்குச் சரிப்பட்டு வராதுன்னே முடிவு பண்ணிட்டேன்."

"அம்மா, போதும்மா," என்று பையன் நெளிந்தான்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பக்கத்தில் வந்து பேப்பரின் ஓரத்தைத் தானும் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா எடுங்க சம்பந்தி. இவனோட முதல் பிறந்தநாளுக்கு வந்த பேப்பர் இது. நம்ம பேரப்பிள்ளைக்கும் வேணும்."