மாதம் ஒரு ஃபில்டர்

"கையை விடாதம்மா! உள்ள இருக்கிற கிளிப் கிழிச்சிடும்!" என்று அப்பா போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

காரின் முன் சீட்டருகே மண்டி போட்டு, மகள் டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஏசியைப் போட்டாலே அடுக்குத் தும்மல் வருகிறது என்று, அந்தப் பெட்டிக்குப் பின்னால் மாட்டும் ஏசி ஃபில்டரைக் காலையிலேயே போய் வாங்கி வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள். ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவள் கிளிப்புக்கா பயப்படுவாள்?

"அது என் வேலை. மாசாமாசம் நான்தானே மாத்தறேன்?"

"மாசாமாசமா? வருஷத்துக்கு ஒருதடவை மாத்தினாலே போதும்ப்பா!"

அப்பா குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். நேற்று வாங்கிய பெரிய சாக்லேட், பிரிக்கக்கூட இல்லை, அந்த ஃபில்டரின் மேல்தான் படுத்திருக்கிறது. சர்க்கரை ஏறிவிட்டதென்று டாக்டர் இனிப்புக்குத் தடை போட்ட பிறகு, இந்த வீட்டில் அவருக்கென்று மிஞ்சிய ஒரே இடம் அது.

மகள் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். அம்மாவை நினைத்தால்தான் அவருக்கு வேதனையாக இருந்தது. "நீங்க சாப்பிடாத இனிப்பு எனக்கெதுக்கு?" என்று அன்றைக்கே அவளும் விட்டுவிட்டாள். சர்க்கரையில்லாத காபியை இருவரும் சேர்ந்துதான் முகம் சுளித்துக் குடிக்கிறார்கள். அவளிடம் போய் மாட்டுவதா?

அதற்குள் அம்மாவே வாசலுக்கு வந்துவிட்டாள்.

"என்னடி, காரையே பிரிச்சுப் போட்டிருக்கே! சாயந்திரம் நான் எங்க உக்காந்து அக்காகிட்ட பேசறது?"

வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்று தினமும் காரில் உட்கார்ந்துதான் அவள் போன் பேசுவாள்.

"நீயாவது சொல்லு, நானே மாத்திடறேன்" என்று அப்பா கெஞ்சினார்.

"அவதான் மாத்தட்டுமே. உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

பெட்டி 'டக்'கென்று கழன்றது. அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அய்யய்யே! இதுதான் மாசாமாசம் மாத்தற லட்சணமா?"

கண்ணைத் திறந்தார். மகள் கையில் கரியாய்க் கறுத்த ஃபில்டர், மடிப்புக்கு மடிப்பு காய்ந்த இலை. வேறொன்றும் இல்லை.

"பழசையே தட்டி மாட்டிட்டேன் போலிருக்கு" என்று அசடு வழிந்தார். மகள் திட்டிய திட்டெல்லாம் காதில் தேனாய்ப் பாய்ந்தது. தலை தப்பியதே பெரிய விஷயம்.

ஆனால் சாக்லேட் எங்கே? குனிந்து உள்ளே கைவிட்டுத் துழாவினார். எலி தின்றிருந்தால் காகிதமாவது மிஞ்சியிருக்குமே!

மகள் பழைய ஃபில்டரைக் குப்பையில் போடப் போனதும், அம்மா அவர் காதருகே குனிந்தாள்.

"அடுத்த தடவை பாதாம் போட்டதா வாங்குங்க."